ஆலோசனைப் பெட்டி வைத்த கப்பல்

பைப் விற்றே வாழ்க்கையை ஓட்டியவர்களை, குழாய்க்குள் போகிற தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட்டே இராதவர்களை, பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒரு வெள்ளைக் கப்பலில் ஏற்றிக் கடலைச் சுற்றிக் காட்டக் கூட்டிக்கொண்டு போனது ஒரு பைப் கம்பெனி. அந்த வருஷம் நிறைய விற்ற டீலர்களுக்கு மேல்தளத்தில் பால்கனி வைத்த அறை, ஓரளவு விற்றவர்களுக்கு நடுத்தளம், சொன்ன டார்கெட்டை மூச்சு வாங்கித் தொட்டவர்களுக்கு அடித்தளம் என்று, கடையில் இருந்த மரியாதை கடலிலும் கூடாமல் குறையாமல் பார்த்துக்கொண்டது. கப்பலின் பெயர் கடல்மல்லி. சென்னையில் ஏறி, சுற்றிவிட்டு, சென்னையிலேயே இறங்க வேண்டியது. சுருக்கமான பயணம்தான்.

கோவில்பட்டி ராமசுப்பு மூச்சு வாங்கித் தொட்டவர். அவருக்கும் மனைவி செண்பகவல்லிக்கும் எட்டு வயது மகள் தர்ஷிகாவுக்கும் கிடைத்தது அடித்தளத்தில் ஒரு சின்ன அறை. அதில் திறக்கவே முடியாத வட்டமான ஜன்னல் ஒன்று இருந்தது, அதற்கு ஒரு சாண் கீழே கடல் ஓடிக்கொண்டிருந்தது. செண்பகம் பயந்த சுபாவக்காரி இல்லை. மூத்த பிள்ளை கிச்சு நாலு வயதில் ஒரு மழைக்காலக் காய்ச்சலில் போன பிறகுதான், ஊர் முழுக்க நிம்மதியாக இருக்கிற நேரத்தில் தான் ஒருத்தி மட்டும் எதற்காவது பயந்துகொண்டிருப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. அறைக்குள் நுழைந்ததும் அவள் செய்த முதல் வேலை, நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, எம்பி எம்பி விழுகிற தண்ணீர் எட்டுகிற இடத்துக்கு நேராக ஜன்னல் கண்ணாடியின் அடி ஓரத்தில் ஒட்டியது. ராமசுப்பு சிரித்தார்.

"கடலுக்குப் பொட்டு வைக்கியாக்கும்?"

"இதுக்கு மேல ஏறுச்சுன்னா சொல்லுங்க, மேல போயிருவோம்" என்றாள் அவள். பாதிதான் விளையாட்டு.

சாப்பாட்டுக் கூடத்து வாசலில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், கம்பெனிக்காரர்கள் ஒரு கண்ணாடிப் பெட்டியும் கொஞ்சம் சீட்டுகளும் வைத்திருந்தார்கள். அடுத்த வருஷக் குடும்பப் பயணத்தை இன்னும் இனிமையாக்க உங்கள் ஆலோசனைகளை எழுதிப் போடுங்கள் என்று பெட்டியின் மேல் அச்சடித்து ஒட்டியிருந்தது. ஆலோசனை கேட்டால் நம் ஆட்களைப் பிடிக்க முடியுமா? தயிர் புளிக்கவே இல்லை என்று ஒருவர் எழுதினார், தயிர் ரொம்பப் புளிக்கிறது என்று அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே தயிரைச் சாப்பிட்டவர் எழுதினார், காபியைப் பேப்பர் கப்பில் கொடுக்காமல் டம்ளரில் கொடுக்கவும் என்று சிலர், பாட்டுச் சத்தத்தைக் குறைக்கவும் என்று சிலர், பாத்ரூமில் வாளியும் கப்பும் கட்டாயம் வேண்டும் என்று எல்லோரும். வாளி கடைசி வரை வரவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடலாம்.

கோயம்புத்தூர் தங்கவேலு மேல்தளத்திலேயே பெரிய அறைக்காரர். சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் நின்றார். குறை என்று ஒன்றும் தோன்றவில்லை, வெறும் சீட்டைப் போடுவதும் மரியாதையாக இல்லை, அதனால், கல்யாணமோ காதுகுத்தோ வீடு பால்காய்ச்சோ எந்தச் சந்தோஷம் வந்தாலும் பாயசம் தொண்டையில் இறங்குவதற்குள் நம் வீடுகளில் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிற வாக்கியத்தை அவர் எழுதினார். எல்லாம் நல்லா இருந்துச்சு, இதைப் பார்க்க எங்கப்பா இருந்திருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார். எழுதி, மடித்து, பெட்டிக்குள் போட்டுவிட்டுத் தூங்கப் போனார்.

மறுநாள் காலை டிபனுக்கு அவருடைய அப்பா நாச்சிமுத்து வந்திருந்தார். சலவை வேட்டி, தோளில் துண்டு, ஜன்னல் ஓர மேஜை. செத்து வருஷக்கணக்கான மனிதர் காபியை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஏப்பா தங்கவேலு, காபி ஆறிப்போயிருக்குதே, கேக்க மாட்டீங்களா?"

தங்கவேலுவின் மனைவிக்கு மயக்கம்தான் வந்திருக்க வேண்டும், ஆனால் பழக்கம் முந்திக்கொண்டது. எழுந்து நின்று, புடவையைத் தோளில் இழுத்துவிட்டு, "வாங்க மாமா, எப்ப வந்தீங்க?" என்றாள். அதோடு அந்த விஷயம் பாதி முடிந்துவிட்டது. வா என்று கேட்டாயிற்று என்றால் அப்புறம் வந்தவர் விருந்தாளி, விருந்தாளியை எங்கிருந்து வருகிறீர்கள் என்று குடைந்து கேட்பது நம் ஊரில் வழக்கமில்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்து வணக்கம் சொன்னார்கள். ஒருவர் மட்டும், ஐயா நல்லா இருக்கீங்களா என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பயணிகளைக் கவனித்துக்கொள்ளும் மேலாளர் பிரிஸில்லா, தூத்துக்குடிப் பெண், ஒரு உயிர்காப்புச் சட்டையையும் அறைச் சாவியையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஐயா, பேரு சொல்லுங்க. வயசு?"

"எந்த வயசம்மா சொல்றது? போனப்ப இருந்ததா, இப்பவா?"

பிரிஸில்லா கொஞ்சம் யோசித்தாள். "போனப்ப உள்ளதயே போட்டுக்கிடுதேன் ஐயா, அதுக்கே முதியோர் சலுகை உண்டு."

அன்று மத்தியானத்துக்குள் சீட்டுகள் தீர்ந்துபோயின. பேப்பர் நாப்கினில் எழுதினார்கள், மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினார்கள், எழுத வராதவர்கள் எழுதத் தெரிந்தவர்களைப் பிடித்து எழுதச் சொன்னார்கள், எங்கம்மா இருந்திருந்தா, எங்க தம்பி இருந்திருந்தா, எங்க பெரிய மாமா ஒரு தடவையாவது இதைப் பாத்திருந்தா என்று பெட்டி நிரம்ப நிரம்ப, சாப்பாட்டுக் கூடத்தில் வேளைக்கு வேளை புதிது புதிதாக ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள், அம்மாக்கள் பிள்ளைகளின் தட்டைப் பார்த்து இளைத்துவிட்டாய் என்றார்கள், தம்பிகள் அண்ணன்களின் நரையைப் பார்த்துச் சிரித்தார்கள், தோசை போடுகிற இடத்தில் வரிசை கதவைத் தாண்டி வராந்தா வரை நின்றது. எல்லோரும் எல்லோரையும் எழுதிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கணவனை எழுதலாமா என்று சீட்டோடு யோசித்துக்கொண்டிருந்த ஒரு திண்டுக்கல் அம்மாள் கடைசியில், குழம்பில் காரம் அதிகம் என்று எழுதிப் போட்டுவிட்டு நிம்மதியாகப் போய்விட்டாள்.

செண்பகம் எழுதவில்லை. ராமசுப்புவும் எழுதவில்லை. பெட்டியைத் தாண்டும்போதெல்லாம் இரண்டு பேரும் மற்றவர் கையைப் பார்த்துக்கொண்டார்கள். செண்பகத்துக்கு எழுத ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அறைக்குத் திரும்பி ஜன்னலைப் பார்த்தபோது பொட்டு தண்ணீருக்குள் இருந்தது. வந்தவர்கள் நிழல் இல்லை, புகை இல்லை, சாப்பிட்டார்கள், நடந்தால் பலகை அதிர்ந்தது, உயிரோடு இருந்தபோது என்ன எடையோ அதே எடை. அவள் புதுப் பொட்டு ஒன்றைத் தண்ணீருக்கு நேராக ஒட்டினாள். அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு அப்புறம் அதுவும் உள்ளே போனது. மேல்தளத்தில் பால்கனியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கடல் எப்போதும் போலக் கீழே எங்கேயோதான் இருந்தது.

"ஏங்க, கப்பல் எறங்குது."

"கடல்னா அப்படித்தான், ஏறும் எறங்கும்."

"ஏறுது, எறங்க மாட்டேங்குது" என்றாள். ராமசுப்பு ஜன்னலைப் பார்த்தார், பொட்டுகளைப் பார்த்தார், அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

அவர்கள் இருவரும் எழுதாததைத் தர்ஷிகா எழுதினாள். அவள் பிறப்பதற்கு முன்பே போன அண்ணன். வீட்டுச் சுவரில் மாலை போட்ட போட்டோவில் ஒரு பக்கமாகப் பார்த்துச் சிரிக்கிற அண்ணன், பொங்கலுக்குப் புதுத்துணி எடுத்தால் ஒரு சட்டை அவன் முன்னால் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் தன் பாவாடையைத் தொட விடுவார்கள், அந்த அண்ணனும் வந்தா நல்லா இருக்கும் என்று கலர் பென்சிலால் எழுதி, பெட்டி எட்டாமல் பிரிஸில்லாவின் கையில் கொடுத்து, போடச் சொல்லியிருக்கிறாள். பிரிஸில்லாவும் பிள்ளை எழுதியதைப் படிக்காமல் போட்டுவிட்டாள்.

கதவு தட்டுகிற சத்தம் ரொம்பக் கீழே, இடுப்பு உயரத்தில் கேட்டது. செண்பகம் திறந்தாள். கிச்சு நின்றான். ஆஸ்பத்திரியில் போட்டிருந்த பச்சை டவுசர், சட்டை, கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு. "அம்மா, பசிக்கி" என்றான்.

அவள் அவனைத் தூக்கினாள். அப்படித் தூக்கியதும் அவளுக்கு வந்தது சந்தோஷம், அதில் சந்தேகமே வேண்டாம், இத்தனை வருஷம் இடுப்பில் காலியாக இருந்த இடம் நிறைந்தது, அவன் தலையில் அதே வேர்வை வாசனை. ஆனால் தூக்கிய அந்த நிமிஷமே அவள் கண் அவன் தோளுக்கு மேலே ஜன்னலுக்குப் போனது. ராமசுப்பு கட்டிலில் உட்கார்ந்தபடி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தர்ஷிகா மட்டும் குழப்பமாக நின்றாள்.

"அம்மா, இது அண்ணனா? என்னவிடச் சின்னதா இருக்கான்?"

"அண்ணன்தான்."

"நான் அண்ணன்னு கூப்பிடணுமா?"

"கூப்பிடு."

தர்ஷிகா கூப்பிட்டாள். கூப்பிட்டு, அவனுக்குச் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். அன்று முழுக்க அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கப்பலைச் சுற்றிக் காட்டினாள், ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்து வாயைத் துடைத்துவிட்டாள், என் அண்ணன் என்று எல்லோரிடமும் சொன்னாள். பார்த்தவர்கள் புரிந்துகொண்டு, அப்படியா, அண்ணன் மாதிரியே இருக்கான் என்றார்கள்.

இதற்குள் வேறொன்று ஆரம்பித்திருந்தது. செத்தவர்களும் ஆலோசனை எழுதத் தொடங்கியிருந்தார்கள். நாச்சிமுத்துவே ஒரு மாலை மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்தவர், இதெல்லாம் எங்கப்பன் பாத்திருந்தா என்று பெருமூச்சு விட்டு எழுதிப் போட்டார், மறுநாள் அவருடைய அப்பன், பேரன் பெயர்கூடத் தெரியாத ஒரு கருத்த கிழவர், கோவணத்தோடு வந்து சாப்பாட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்தார். அவரும் ஒருவரை நினைப்பதற்குள் கேப்டன் பெட்டியை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தார்கள், ஆனால் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் எழுதினால்தான் என்று இல்லை, சொன்னாலே போதும் என்று ஆகிவிட்டிருந்தது, இரவுச் சாப்பாட்டில் யாரோ பால்கோவாவை வாயில் போட்டுவிட்டு, அக்காவுக்கு இதுன்னா உசிரு என்று சொல்லி வாயை மூடுவதற்குள் எதிர் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

ஒலிபெருக்கியில் பிரிஸில்லா கெஞ்சினாள். தயவுசெய்து யாரும் யாரையும் நினைத்துப் பேச வேண்டாம், நல்ல சாப்பாடு வந்தால் பேசாமல் சாப்பிடவும், சூரியன் மறைவது அழகாக இருந்தால் பார்த்துவிட்டு அறைக்குப் போகவும். சமையல்காரர்களிடம் சொல்லி இனிப்பை நிறுத்தினார்கள், பாட்டை நிறுத்தினார்கள், கடலில் டால்பின்கள் குதித்தபோது எல்லோரும் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள். சந்தோஷப்பட்டுவிடுவோமோ என்று பயந்து பயந்து உப்புச்சப்பில்லாத சாதத்தை விழுங்குகிற ஒரு கப்பலை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளே வரலாமா என்று கேப்டன் கேட்டதற்குச் சென்னைத் துறைமுகத்தில் இருந்து பதில் வந்துவிட்டிருந்தது, கப்பல் அமிழ்ந்திருக்கிற ஆழத்துக்கு உள்ளே வர முடியாது, வந்தால் அடி தரை தட்டும். வெளியிலேயே நிற்கவும் முடியாது, இன்னும் கொஞ்சம் இறங்கினால் பக்கவாட்டுக் கதவு வழியாகத் தண்ணீர் ஏறும், அதற்கு மேல் பம்ப் வைத்து இறைத்தாலும் தீராது. பம்பும் பைப்பும் விற்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடித்தளத்து ஜன்னலில் வானம் இப்போது நகக்கண் அளவுக்குத்தான் இருந்தது. மேலே போய்ப் படுக்கலாம் என்றால் அறைகள் எல்லாம் வந்தவர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது, வயதானவர்களைக் கீழே இறக்கவா முடியும்? செண்பகம் ஒரு பக்கம் மகளையும் ஒரு பக்கம் மகனையும் போட்டுக்கொண்டு, பச்சையாக வெளிச்சம் விழுகிற அந்த அறையில், இரண்டு பேருடைய மூச்சையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். ஒரு மூச்சு இந்தக் கப்பல் மூழ்கினால் நின்றுவிடும். இன்னொன்று ஏற்கெனவே நின்றது. அதை அவள் நினைத்துப் பார்த்தாள், நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கடைசியில் கம்பெனிக்காரர்கள் விஷயத்தை வந்தவர்களிடமே மரியாதையாகச் சொன்னார்கள். அவர்கள் உடனே ஒத்துக்கொண்டார்கள். அடுத்தவருக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தானே? நம்மால் கப்பலுக்குக் கஷ்டம் என்றால் நாங்கள் கிளம்புகிறோம் என்றார்கள். கரை தெரிகிற தூரத்தில் கப்பலை நிறுத்தி, படகுகளை இறக்கி, கரைக்கு அனுப்பக் கைபிடித்து ஏற்றினார்கள். குடும்பங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்று, ஊருக்குப் போகிறவர்களை பஸ் ஸ்டாண்டில் வழியனுப்புகிற மாதிரியே அனுப்பினார்கள், உடம்பைப் பாத்துக்கங்கப்பா, போய்ட்டு வாங்கம்மா, போய்ட்டு வா தம்பி, போய்ட்டு வாங்க, போய்ட்டு வாங்க என்று அந்தச் சத்தம் படகுகள் புள்ளியாகிற வரை கடல்மேல் கேட்டுக்கொண்டே இருந்தது. கிச்சு நாச்சிமுத்துவின் மடியில் உட்கார்ந்திருந்தான். ராமசுப்புவால் பார்க்க முடியவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். செண்பகம்தான் கையாட்டினாள். "போய்ட்டு வா கண்ணு" என்றாள். "போய்ட்டு வா அண்ணா" என்றாள் தர்ஷிகா.

படகுகள் காலியாகத் திரும்பி வந்தன. எல்லோரும் மூக்கைச் சிந்திவிட்டு, முகத்தைக் கழுவிவிட்டு, சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்கள். அங்கே ஜன்னல் ஓர மேஜையில் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். எல்லா மேஜையிலும் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"சாப்பிட வர இவ்வளவு நேரமா?" என்றார் நாச்சிமுத்து.

கிச்சு ஓடிவந்து செண்பகத்தின் காலைக் கட்டிக்கொண்டான். அவள் குனிந்து, "ஏன் கண்ணு திரும்பி வந்துட்ட?" என்று கேட்டாள். அப்படி ஒரு கேள்வியைத் தன் பிள்ளையிடம் கேட்பாள் என்று அவள் நினைத்ததே இல்லை.

"நீதானம்மா போய்ட்டு வான்னு சொன்ன?" என்றான் கிச்சு.

செண்பகத்துக்கு அப்போது புரிந்தது. சாவு வீட்டில் யாராவது போய்ட்டு வாரேன் என்று சொல்வார்களா? எவ்வளவு வேண்டிய வீடாக இருந்தாலும் எழுந்து, துண்டை உதறிக்கொண்டு, யாரிடமும் விடைபெறாமல், ஒரு வார்த்தை பேசாமல், திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டிவிடுவோம். சுடுகாட்டிலும் கொள்ளி வைத்தவனைத் திரும்பிப் பார்க்காமல் போ என்றுதான் சொல்வார்கள். கப்பல், குடும்பச் சுற்றுலா, பால்கோவா என்று இருந்த இருப்பில் ஒருத்தருக்கும் இது சாவுக் காரியம் என்று தோன்றவில்லை. பாசத்தில் வரச்சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சொன்ன பேச்சைக் கேட்டு அவர்கள் வந்திருக்கிறார்கள்.

வந்தவர்கள் மத்தியானத் தூக்கம் போட்ட நேரத்தில், உயிரோடு இருப்பவர்களை மட்டும் நாடகம் போடுகிற கூடத்தில் பிரிஸில்லா கூட்டினாள். செண்பகம் எழுந்து நின்று சொன்னாள். யார் வாயால் வரச்சொன்னார்களோ அவர்கள், சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து வந்துவிட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். யாரும் அதை மறுக்கவில்லை, கேட்டதுமே எல்லோருக்கும் அது சரி என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் யாரும் அசையவில்லை.

தங்கவேலு எழுந்தார். அவருக்குக் கோபம். "எங்கப்பன் செத்தப்ப நான் ஊர்லயே இல்லைங்க. வடக்க சரக்கெடுக்கப் போயிருந்தேன். இப்பத்தான் மனசாறப் பேசிட்டிருக்கறனுங்க. ஒரு வார்த்த சொல்லாம அப்படியே உட்டுட்டு எந்திரிச்சு வரச் சொல்றீங்களாக்கும்?"

"கப்பல் முங்குது அண்ணாச்சி."

"தெரியுதுங்க. நீங்க மொதல்ல செய்ங்க, பாப்போம்."

கூடம் முழுக்க அவளைத்தான் பார்த்தது. ராமசுப்பு மெதுவாகச் சொன்னார், "நீ வேண்டாம். நான் போறேன்." ஆனால் அவர் சுவரைப் பார்த்து நின்றவர், வா என்று சொல்லவே இல்லை, சொன்னது இவளும் தர்ஷிகாவும்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்த உலகத்தில் செண்பகத்தால் செய்யவே முடியாத காரியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். கிச்சு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருக்கிறான், எழுப்பிச் சொன்னால் அழுவான் என்று, சொல்லாமல் மருந்து வாங்கக் கீழே போனாள். திரும்பி வந்தபோது முடிந்திருந்தது. கண்ணைத் திறந்து தேடியிருப்பானோ, அம்மா என்று கூப்பிட்டிருப்பானோ என்று நினைக்காமல் அவள் ஒரு நாள் தூங்கியதில்லை. அதற்குப் பிறகு அவள் பால் வாங்கப் போனாலும் தர்ஷிகாவை எழுப்பிச் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

அவள் பிள்ளைகள் இருவரையும் விளையாட்டு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு தொட்டி நிறையக் கலர் பந்துகள் கிடந்தன. கிச்சு இடுப்பளவு பந்துக்குள் இறங்கி, பந்துகளை அள்ளி அள்ளித் தலைக்கு மேல் போட்டான், தர்ஷிகாவும் இறங்கினாள். செண்பகம் ஓரத்தில் நின்றாள். அவனை முதன்முதலாகப் பால்வாடியில் விட்ட அன்று அங்கிருந்த ஆயா சொன்னது ஞாபகம் வந்தது, அவன் வெளாடும்போதே போயிருங்கம்மா, சொல்லாதீங்க, திரும்பிப் பாக்காதீங்க, பாத்தா அழுவான். அன்று அவள் வீட்டுக்குப் போய்விட்டு மதியமே ஓடிவந்து, "அழுதானா?" என்று கேட்டாள். நீங்க போனதும் சரியாயிட்டான் என்று ஆயா சொன்னாள். எல்லா ஆயாக்களும் சொல்வதுதான்.

அவன் முதுகைக் காட்டித் திரும்பினான், மூலையில் உருண்ட சிவப்புப் பந்தை எடுக்க. செண்பகம் தர்ஷிகாவின் கையைப் பிடித்தாள். தர்ஷிகா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், "அண்ணன்கிட்ட சொல்லிட்டு வாரேன்மா" என்று கிசுகிசுத்தாள். செண்பகம் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. பிள்ளையைப் பந்துக்குள்ளிருந்து தூக்கி நிறுத்தி, தனக்குப் பின்னால் விட்டு, கையை மட்டும் இறுக்கிப் பிடித்து நடந்தாள். கதவு தூரத்தில் இருந்தது. பந்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற சத்தம் பின்னால் கேட்டது, அப்புறம் அந்தச் சத்தம் நின்றது, ஒரு பிள்ளை விளையாட்டை நிறுத்தி நிமிர்ந்து பார்க்கிற நேரம் அது, அவளுக்குத் தெரியும், தெரிந்தும் நடந்தாள், உள்ளுக்குள் கத்திக்கொண்டே நடந்தாள். தர்ஷிகாவின் கை ஒரு தடவை இழுபட்டது. கதவைத் தாண்டினார்கள்.

கீழே அறைக்குப் போய் ஜன்னலைப் பார்த்தாள். நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன எடை இருந்துவிடப் போகிறது, அதுவும் காய்ச்சலில் இளைத்த பிள்ளைக்கு. கடல் நூலளவு இறங்கி, கடைசியாக மேல் ஓரத்தில் ஒட்டியிருந்த பொட்டின் விளிம்பு மட்டும் வெளியே தெரிந்தது. வாசலில் வந்து நின்ற தங்கவேலு அதைப் பார்த்தார். கிட்டே போய், கண்ணாடியில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு படியேறிப் போனார்.

மேலே நாச்சிமுத்து ஏதோ பழைய நிலத் தகராறைச் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கவேலு எதிரில் உட்கார்ந்து உம் கொட்டினார், நடுவில் ஒரு தடவை அவர் தோளில் நழுவிய துண்டைச் சரியாகப் போட்டுவிட்டார், கதை பாதியில் இருக்கும்போது எழுந்து வந்துவிட்டார். அவருக்குப் பிறகு ஒவ்வொருவராக, சாப்பாட்டின் நடுவே, சீட்டாட்டத்தின் நடுவே, தலை பின்னிக்கொண்டிருந்த அம்மா ரப்பர் பேண்ட் எடுக்கக் குனிந்த நேரத்தில், எழுந்தார்கள், துண்டை உதறினார்கள், வந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை. கப்பல் முழுக்கக் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. பொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரை விட்டு வெளியே வந்தன.

சென்னையில் இறங்குகிற அன்று பிரிஸில்லா, கம்பெனி உத்தரவுப்படி, மறுபடியும் பெட்டியை வாசலில் வைத்தாள். யாரும் சீட்டைத் தொடவில்லை. வாளி பற்றிக்கூட எழுதவில்லை. செண்பகம் ஜன்னலில் இருந்த பொட்டுகளை உரித்து முந்தானையில் முடிந்துகொண்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கப்பலிலிருந்து தரைக்குப் போட்டிருந்த படிகளில் இறங்கினாள். ராமசுப்பு பெட்டிகளோடு முன்னால் போனார். தரையில் கால் வைத்த பிறகுதான், கப்பலுக்கு முதுகைக் காட்டி நின்றபடியே, இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்ததை அவள் கேட்டாள்.

"அண்ணன் அழுதானா?"

தர்ஷிகா யோசித்தாள். "இல்லம்மா. நாம போறத அவன் பாத்துட்டான். நான் மட்டும் திரும்பிக் கையாட்டப் போனேன், அவன் வாயில வெரல வச்சு, சொல்லாதன்னு காமிச்சான்."

செண்பகம் மகளின் உயரத்துக்குக் குனிந்தாள்.

"ஐஸ்கிரீம் சாப்பிடும்போது எங்கிட்ட சொன்னான்மா. அம்மா சொல்லாமப் போனா நான் தூங்குற மாதிரியே இருந்துருவேன், இல்லன்னா அம்மா போகாதுன்னு. ஆஸ்பத்திரிலயும் அப்படித்தான் இருந்தானாம். நீ கதவுகிட்ட போறவரைக்கும் ஒரு கண்ணால பாத்துக்கிட்டே இருந்தானாம்."